அண்ணி பெரிதாக்கிய நாலு துளை

என் அண்ணிக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் பல்தான் கண்ணில் படும். முகம், பேர், உறவு எல்லாம் அப்புறம்தான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் என்னை முதல்முதலாகப் பார்த்த அன்றைக்கு, ‘வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் என் வாயை உற்றுப் பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. மாடு பிடிக்க வந்தவளா இவள் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டே சிரித்து வைத்தேன். “கீழ்வரிசையில ரெண்டு பல்லு நெருக்கிட்டு நிக்குது. ஆனா உங்களுக்கு அதுதான் அழகு” என்றாள். அது பாராட்டா குத்தலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால் ரெண்டும்தான் என்பாள்.

அவள் செய்வது பல்செட். ஊரில் பாதிப் பேர் சிரிக்கும்போது தெரிவது அண்ணியின் கைவேலை. நாலு மாடிக் கட்டடம் ஒன்றில் ரெண்டாவது மாடியில் பட்டறை. நீளமாக ஒரு மேஜை, அதன் மேல் கழுத்தை வளைத்து நிற்கும் நாலு விளக்குகள், எங்கே தொட்டாலும் கையில் ஒட்டும் வெள்ளை மாவு. சுவரோரத்து அலமாரியில் தட்டுத் தட்டாகத் தாடைகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு, அதில் யாருடைய வாய், என்ன குறை, என்றைக்குத் தரவேண்டும் என்று எழுதியிருக்கும். புதிதாகப் போகிறவர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். அண்ணி அந்தத் தாடைகளுக்கு நடுவே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிடுவாள்.

பட்டறையில் அவளுக்குப் பேர் பாலிஷ். வேறு யார் அறுத்தாலும் இழைத்தாலும் கடைசி மெருகு அவள்தான் போட வேண்டும். “கண்ணை ஏமாத்தலாம், கையை ஏமாத்தலாம். நாக்கை மட்டும் ஏமாத்த முடியாது. முடி அளவு சொரசொரப்பு இருந்தாலும் ராத்திரி பகலா அதையே போய்த் தடவிக்கிட்டு இருக்கும்” என்பாள். இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்பதுதான் எங்கள் தலையெழுத்து. கரண்டிக் காம்பு, கதவுத் தாழ்ப்பாள், குழாயின் மூக்கு, எது கையில் கிடைத்தாலும் அதற்கு ஒரு மெருகு. நான் குடியிருப்பது அவர்கள் வீட்டு மாடியில். ஒருமுறை அந்த மாடிப் படிக் கைப்பிடியை மெருகேற்றி வைத்தாள். பிடித்துக்கொண்டு இறங்கப் போனேன், கை வழுக்கி மூன்று படி உட்கார்ந்தபடியே இறங்கினேன். “அண்ணி, கைப்பிடி எதுக்கு இருக்கு, பிடிக்கத்தானே?” என்று நான் கத்த, அவள் “எவ்வளவு பளபளப்பு பாரு” என்கிறாள். இவளோடு எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

அண்ணன் வேலை செய்வது ஆணித் தொழிற்சாலையில். இருபத்திரண்டு வருஷமாக ஆணிக்குத் தலை அடிக்கும் மிஷின் பக்கத்தில் நிற்கிறான். நிமிஷத்துக்கு முந்நூறு தலை. காதுக்குப் பஞ்சு வை, மூடி போடு என்று கம்பெனியில் சொல்லத்தான் செய்தார்கள். இளமையில் யார் கேட்டார்கள். காது சும்மா இருக்குமா, அதுவும் பார்த்துப் பார்த்து மெல்லக் கழன்றுகொண்டது. மேல் சத்தமெல்லாம் முதலில் போயிற்று. குருவிச் சத்தம், குக்கர் விசில், கைபேசி மணி, எதுவும் அவனுக்குக் கிடையாது. காதுக்குள் வைக்கிற மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அது வைத்தால் ஒரே கீச்சு. தட்டில் கரண்டி பட்டால்கூடத் துள்ளி எழுந்துவிடுவான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு டப்பாவில் போட்டு மூடிவிட்டான்.

ஆனால் அவன் காது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எங்களுக்கே தெரியாமல்தான் இருந்தது. அதற்கு ஒரு காரணம் நான். பஸ் டிப்போவில் எந்த வண்டி எந்த இடத்திலிருந்து கிளம்பும் என்று மைக்கில் சொல்வது என் வேலை. மைக் கெட்டுப் போனாலும் வேலை நிற்காது, என் தொண்டை அப்படி. நான் பேசினால் அண்ணனுக்குக் கேட்கும், செத்தவனுக்கும் கேட்கும். மற்றவர்கள் பேசினால் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வான். அதில் அவன் பெரிய கெட்டிக்காரன்.

அண்ணி உக்குலேலே வாசிக்க ஆரம்பித்தது ரெண்டு வருஷத்துக்கு முன்னால். கிட்டாருக்குக் குட்டி போட்ட மாதிரி இருக்கும், நாலே நாலு தந்தி. சாப்பாட்டு இடைவேளையில் கைபேசியில் பார்த்துப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். சாயங்காலம் ரெண்டு பேரும் வேலை முடிந்து வந்து, தேநீர் குடித்து முடித்ததும், அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவான். அண்ணி எதிரில் முக்காலியில் உட்கார்ந்து ரெண்டு பாட்டு வாசிப்பாள். அண்ணன் காலால் தாளம் போடுவான். முடிந்ததும் “ரொம்ப இனிமையா இருந்துச்சு” என்பான். இது ஒருநாள் தவறியதில்லை. மாடியில் இருக்கும் எனக்கு அந்தச் சத்தம் வந்தால் மணி ஆறேகால் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் சாலையில்தான். அதனால் பெரும்பாலும் நானும் கீழே போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் டிப்போவிலிருந்து தலைவலியோடு வந்தேன். தலைவலி என்றால் சாதாரணத் தலைவலி இல்லை, கண்ணைத் திறந்தால் மண்டை பிளக்கிறது. அண்ணி அப்போதுதான் உக்குலேலேயை எடுத்து மடியில் வைத்திருந்தாள். அண்ணன் டம்ளரை வைக்க உள்ளே போயிருந்தான். “அண்ணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னிக்கு ஒருநாள் விட்டுடுங்க” என்றேன். அவளுக்கு விட மனசில்லை. கைக்குட்டையை நாலாக மடித்துத் தந்திகளுக்கு அடியில், உள்ளங்கை மறைக்கிற இடத்தில் செருகினாள். “சத்தம் வராது. விரல் பழகணும்ல” என்றாள். சொன்ன மாதிரியே சத்தம் வரவில்லை. தொக், தொக் என்று நகம் படுவது மட்டும்தான். நான் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தேன்.

ரெண்டு பாட்டும் முடிந்தது. எதிரிலிருந்து அண்ணன் குரல் வந்தது. “இன்னிக்கு ரொம்ப இனிமையா இருந்துச்சு.”

கேலி பண்ணுகிறான் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன், பாவி நான். கண்ணைத் திறந்து பார்த்தால் அண்ணன் கேலி பண்ணவில்லை. எப்போதும் இருக்கிற அதே முகம். அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மெல்ல அந்தக் கைக்குட்டையை உருவி எடுத்தபோதுதான் அவனுக்கு விஷயம் பிடிபட்டது. பேயறைந்த மாதிரி ஆகிவிட்டான்.

“எத்தனை நாளா?” என்று கேட்டாள் அண்ணி.

“முதல் மாசம் ஏதோ லேசா கேட்டுச்சு. அப்புறம் நகம் படற சத்தம் மட்டும்தான்.”

“தாளம் போட்டீங்களே?”

“உன் கையைப் பார்த்துக்கிட்டே போடுவேன்.”

“ரெண்டு வருஷமா?”

“சொன்னா நீ நிறுத்திடுவ” என்றான் அண்ணன். “நீ வாசிக்கறப்ப உன் முகம் நல்லா இருக்கும். அதைப் பார்க்கத்தான் உட்காருவேன்.”

வேறு ஒருத்தியாக இருந்தால் இந்தப் பதிலுக்கு உருகிப் போயிருப்பாள். எங்கள் அண்ணி எழுந்து போய் உக்குலேலேயைச் சுவர் ஆணியில் மாட்டினாள். “கேட்காத மனுஷனுக்கு வாசிச்சுக் காட்ட நான் என்ன பொம்மையா?” என்றாள். கோபமாகத்தான் சொன்னாள், ஆனால் குரல் கோபத்தில் நிற்கவில்லை. எனக்கு ஒருபக்கம் தலைவலி, ஒருபக்கம் குற்ற உணர்ச்சி. அந்தத் தலைவலி மட்டும் எனக்கு வராமல் இருந்திருந்தால் ரெண்டு பேரும் இன்னும் பத்து வருஷம் சந்தோஷமாக இருந்திருப்பார்கள் என்று நினைத்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அடுத்த பத்து நாள் ஆறேகால் மணிக்கு வீட்டில் சத்தம் இல்லை. சண்டையும் இல்லை, அதுதான் கொடுமை. தேநீர் வரும், பேச்சு வரும், அண்ணன் அதே நாற்காலியில் உட்காருவான். பழக்க தோஷத்தில் அவன் கால் தானாக ஆட ஆரம்பிக்கும், பிறகு நினைவு வந்து நிறுத்திக்கொள்வான். பார்க்கச் சகிக்காமல் நான் ஒருநாள் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். “அவன் பொய் சொன்னான்னு கோபமா?”

“அதில்லடி” என்றாள். “எனக்கு வாசிக்க ஆசையே அவருக்காகத்தான் வந்துச்சு. நாள் பூரா டமால் டமால்னு அந்த மிஷின் பக்கத்துல நிக்கற மனுஷன், சாயங்காலமாவது நல்லதா எதையாவது கேட்கட்டும்னு. இப்ப அவர் கேட்கலைன்னா எனக்கு அது வெறும் மரக்கட்டை.”

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் வாசிப்பது அவன் காதில் விழ வேண்டும். முகத்தைப் பார்த்துச் சொல்கிற இனிமை அவளுக்கு வேண்டாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைக் குடைந்து அண்ணனின் காதுப் பரிசோதனைக் காகிதத்தை எடுத்தாள். கட்டம் போட்ட தாளில் ஒரு கோடு. இடதுபக்கத்தில் மேலே நன்றாகத்தான் ஆரம்பிக்கிறது, வலதுபக்கம் போகப் போகக் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கிவிடுகிறது. இடதுபக்கம் கனமான சத்தம், வலதுபக்கம் மெல்லிய கீச்சுச் சத்தம் என்று டாக்டர் அன்றைக்கே விளக்கியிருந்தார். அண்ணி அதை வெளிச்சத்தில் பிடித்து எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அடியேய், இவருக்கு மேல்வரிசைதான் சுத்தமா போயிருக்கு. கீழ்வரிசை அப்படியே கெட்டியா இருக்கு” என்றாள். “கீழ்வரிசை இருக்கிறவனுக்கு அதுக்கேத்த மாதிரி செய்யணும். இல்லாத பல்லால மெல்லு மெல்லுன்னா எப்படி மெல்லுவான்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பத்து நாள் கழித்து அவள் முகத்தில் பழைய களை வந்ததைப் பார்த்து, விளங்கியதுபோல் தலையாட்டினேன்.

மறுநாளே என்னையும் இழுத்துக்கொண்டு வாத்தியக் கடைக்குப் போனாள். கடைக்காரர் காதோரம் பென்சில் செருகியிருக்கும், எதற்கும் அவசரப்படாத மனிதர். சத்தம் கனமாக, ரொம்பக் கீழே வர வேண்டும் என்றாள். அதற்குத் தடித்த தந்தி இருக்கிறது என்று ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். கறுப்பாக, வழவழவென்று, ஒவ்வொன்றும் சாதாரணத் தந்தியைப்போல் மூன்று பங்கு பருமன். அண்ணிக்கு வாயெல்லாம் பல். அவர் உக்குலேலேயை வாங்கித் தலைப்பக்கத்தைக் காட்டினார்.

“இங்க பாருங்கம்மா. இந்த நாலு திருகு இருக்குல்ல, டியூனர், இதைத் திருப்பினாதான் தந்தி முறுகும். ஒவ்வொண்ணுலயும் சின்னதா ஒரு தண்டு நிக்குது. அந்தத் தண்டுல ஒரு துளை. தந்தி அதுக்குள்ள நுழையணும். உங்க துளை ஊசிக் காது. இந்தத் தந்தி கயிறு. தலைகீழா நின்னாலும் நுழையாது. இதுக்குன்னே பெரிய வாத்தியம் இருக்கு, சொல்லி வெச்சா ஆறு மாசத்துல வரும்.”

“துளைதானே சின்னது?” என்றாள் அண்ணி.

“துளைதான்.”

“பெருசாக்கினா?”

அவர் சிரித்தார். “தண்டே தீக்குச்சி கனம். அதுல நீங்க எதை வெச்சுக் குடைவீங்க?”

அண்ணி கடைக்காரரின் முன்பல்லை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். எனக்குத் தெரியும் அந்தப் பார்வை. இவள் தினமும் எதை எதால் குடைகிறாள் என்று அந்த மனிதருக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று அவருடைய உடைசல் டப்பாவிலிருந்து பழைய டியூனர் ரெண்டும் கேட்டுத் தந்திப் பொட்டலத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு இடைவேளை காணாமல் போயிற்று. நான் காலை ஷிப்ட் முடிந்து ஒருநாள் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். நாலு டியூனரையும் கழற்றி, பல் சக்கரம் இருக்கும் பகுதியை மெழுகால் மூடி, தண்டு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வெள்ளை மாவில் பதித்து வைத்திருந்தாள். தாடையைப் பதிக்கிற அதே மாதிரி. அசையக் கூடாதாம். தட்டில் சீட்டும் எழுதி வைத்திருந்தாள். ‘வாய்: வீட்டுக்காரர். குறை: கேட்கவில்லை. தர வேண்டிய நாள்: சனி.’

முதலாளி அந்தப் பக்கமாக வந்தவர் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். “என்ன பாலிஷ், இது யாரோட பல்லு? இரும்பா இருக்கு?”

“கொஞ்சம் முரட்டு ஆளு சார்” என்றாள் அண்ணி, தலையைத் தூக்காமல்.

அவருக்கு எல்லாம் தெரியும்போல. “சனிக்கிழமைக்குள்ள பல் டாக்டரோட மூணு செட்டும் முடிஞ்சிருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

முதல் தண்டை உடைத்துவிட்டாள். பல்லைக் குடைகிற பழக்கத்தில் ஒரே பக்கத்திலிருந்து குடைந்திருக்கிறாள். பல்லுக்கு ஒரு பக்கம்தானே வாசல். இதற்கு ரெண்டு பக்கமும் வாசல். இந்தப் பக்கம் நடுவில் ஆரம்பித்த துளை அந்தப் பக்கம் ஓரமாகப் போய் வெளியே வந்து, திருப்பிப் பார்த்ததும் டக்கென்று முறிந்தது. பட்டறையில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்களாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் “பதினெட்டு வருஷத்துல ஒரு பல்லு உடைச்சதில்ல” என்று எனக்கு மட்டும் முணுமுணுத்தாள்.

மறுநாள் உடைசல் டப்பா டியூனர் ஒன்றையும் மிச்சமிருந்த மூன்றையும் எடுத்து, இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி, நடுவில் சந்திக்கிற மாதிரி குடைந்தாள். சொட்டு எண்ணெய், மெதுவான சுற்று, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆறவிடுவது. துளையின் ரெண்டு பக்கமும் சம கனத்தில் இரும்பு மிஞ்ச வேண்டும் என்று கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். நாலும் தேறின. பிறகு வெந்நீரில் போட்டு மெழுகை உருக்கி எடுத்தாள்.

உக்குலேலேயின் தலைக்கும் கழுத்துக்கும் நடுவே தந்திகள் உட்காரும் பள்ளம் வைத்த சின்னப் பட்டை ஒன்று உண்டு. அதில் இருக்கும் பள்ளமும் தடித்த தந்திக்குப் போதாது. அதனால் புதிதாக ஒரு பட்டையே வார்த்துவிட்டாள். எதில்? பல்செட்டுக்கு ஈறு வார்க்கிற பொருளில். ரோஜா நிறத்தில், அசல் ஈறு மாதிரியே. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அண்ணி, இது வாசிக்குமா கடிக்குமா?”

“போடி” என்றாள். ஆனால் அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று.

சனிக்கிழமை. அண்ணனிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் அவன் என்ன குழந்தையா, வாரம் பூரா சுவர் ஆணி காலியாக இருந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். ஆறு மணிக்கே தேநீரைக் குடித்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தான், எடுத்தான்.

அண்ணி வெளியே கொண்டுவந்தாள். சும்மா சொல்லக் கூடாது, நாலு டியூனரும் மின்னின. தண்டு மின்னுகிறது, துளையின் உள்விளிம்பு மின்னுகிறது. சனிக்கிழமை மதியம் முழுக்க அதற்குத்தான் செலவழித்தாளாம். மெருகு போடாமல் ஒரு பொருளை வெளியே அனுப்பி அவளுக்குப் பழக்கமில்லை. கறுப்புத் தந்திகள் துளைக்குள் நுழைந்து, தண்டில் ஒன்றரைச் சுற்று சுற்றி நின்றன. பருமனான தந்தி, அதற்குமேல் சுற்ற இடமில்லை.

வாசித்தாள். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. இத்தனூண்டு பெட்டிக்குள்ளிருந்து அவ்வளவு கனமான குரல் வருமென்று நான் நினைக்கவே இல்லை. அண்ணி தந்தியைப் பார்க்கவில்லை. கண் கொட்டாமல் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தாள். நானும் அவனைத்தான் பார்த்தேன். அவன் கால் ஆடியது. அது பழைய காலா புதுக் காலா என்று யாருக்குத் தெரியும். முதல் பாட்டு முடிந்தது.

“ரொம்ப இனிமையா இருந்துச்சு” என்றான் அண்ணன்.

அதே வார்த்தை. அதே முகம். எனக்கு அவன் தலையில் எதையாவது தூக்கிப் போடலாம் போல் இருந்தது. இத்தனை நாள் அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லித் தேய்த்து வைத்திருக்கிறான், இனி அதை யார் நம்புவது? அண்ணியின் முகம் விழுந்துவிட்டது. “ம்” என்றாள். விட்டால் எழுந்துவிடுவாளோ என்று பயந்து நான் டிப்போக் குரலில் “ரெண்டாவது பாட்டு” என்று கத்தினேன். வேறு வழியில்லாமல் ஆரம்பித்தாள். குனியவும் இல்லை. இன்னும் அவன் முகத்தில்தான் கண்.

பாட்டு பாதி போயிருக்கும். அண்ணனின் கால் நின்றது. புருவம் சுருங்கியது. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். முகத்தை ஒருமாதிரி கோணினான், எலுமிச்சையைக் கடித்தவன்போல்.

“இரு, இரு. நிறுத்து” என்றான்.

அண்ணி நிறுத்தினாள்.

“என்னவோ இறங்கிக்கிட்டே போகுது. காது கூசுது.”

நான் அவனைத் திட்ட வாயைத் திறந்துவிட்டேன். ஒருத்தி ஒரு வாரம் சாப்பிடாமல் உயிரைக் கொடுத்துச் செய்திருக்கிறாள், இவன் குறை சொல்கிறான் பார் என்று. நல்லவேளை, திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

“எது இறங்குது?” என்று கேட்டாள் அண்ணி. குரல் வெளியே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

“ஒரு தந்தி. எதுன்னு தெரியலை. தட்டு, சொல்றேன்.”

அண்ணி முக்காலியோடு அப்படியே திரும்பி அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இப்போது அவனுக்கு அவள் கையும் தெரியாது, வாயும் தெரியாது, தந்தியும் தெரியாது. ஒவ்வொன்றாகத் தட்டினாள். முதலாவது. “இது சரி” என்றான் பின்னாலிருந்து. ரெண்டாவது. “இதுவும் சரி.” மூன்றாவதைத் தட்டினாள்.

“இதுதான். இந்தப் பயதான்.”

அண்ணி நான்காவதைத் தட்டவில்லை. அவள் என் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்ததால் அவள் முகம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது, ஆனால் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். என் டிப்போத் தொண்டையே அடங்கிப் போன நாள் அது ஒன்றுதான்.

பின்னாலிருந்து அண்ணன், “ஏம்மா, ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?” என்றான்.

அண்ணி முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு திரும்பினாள். மூன்றாவது டியூனரின் தண்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். “வழுக்குது. நான்தான். கண்ணாடியாட்டம் மெருகு போட்டு வெச்சிருக்கேன், தந்தி எதைப் பிடிச்சு நிக்கும்? சர்ருனு வழுக்கிட்டே இருக்கு.”

நான் விடுவேனா. “என்னை மாடிப் படியில உருட்டினப்பவே சொன்னேன்.”

அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை. கைப்பையிலிருந்து சின்ன அரம் ஒன்றை எடுத்தாள், தந்தியை அவிழ்த்தாள், ஒரு மதியம் முழுக்க ஏற்றிய பளபளப்பை அரை நிமிஷத்தில் பரபரவென்று சுரண்டினாள். தண்டு கீறலும் சாம்பல் நிறமுமாக ஆயிற்று. மறுபடி தந்தியைச் சுற்றி முறுக்கினாள். அது அப்படியே கெட்டியாக நின்றது.

“இப்ப?” என்று தட்டிக் காட்டினாள்.

“இப்ப சரி.”

“வேற என்ன தப்பு? சொல்லுங்க.”

“தப்புன்னு இல்ல.”

“இல்ல, சொல்லுங்க.”

அண்ணன் என்னைப் பார்த்தான். சொல்லித் தொலை என்று கண்ணைக் காட்டினேன். கொஞ்சம் தயங்கினான். ரெண்டு வருஷமாக ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிப் பழகிய மனுஷன், இன்னொன்றைத் தேட நேரமாகத்தானே செய்யும்.

“பாட்டு நடுவுல கொஞ்சம் அவசரப்படற” என்றான். “யாரோ துரத்தற மாதிரி.”

அண்ணி யோசித்தாள். “நான் எப்பவுமே அப்படித்தான் வாசிக்கறேனா? இத்தனை நாளும் அவசரப்பட்டுத்தான் வாசிச்சேனா?”

“அது எனக்கெப்படித் தெரியும்?” என்றான் அண்ணன். “நான் இன்னிக்குத்தானே கேக்கறேன்.”

அண்ணன் நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அண்ணி முதல் பாட்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள், மெதுவாக.